மலிவுக் கணினியின் பெறுமதி

மேசைக் கணினி வாங்குதல் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பல ஆண்டுகளுக்கொருமுறை நேரும் செலவாகும். பல்கலைக்கழகம் புகும் மகனுக்கோ மகளுக்கோ வாங்கிக் கொடுக்கப்படும் பொறி, பட்டம் பெறுங் காலம் வரையிலேனும் உழைக்கவேண்டும் என்பதே பெற்றோரின் எதிர்பார்ப்பு. கடையில் அடுக்கப்பட்டிருக்கும் பெட்டிகளோ வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. விலை மாத்திரம் பலமடங்கு வேறுபடுகின்றது. இந்நிலையில் ஒருசாரார், மலிவான பொருள் என்றும் பழுதுடையதே, ஆதலின் இயன்றவளவு கூடிய விலை கொடுத்தலே அறிவுடைமை என்பர். மற்றொரு சாரார், கணினிகள் யாவும் ஒரே வகையான உறுப்புக்களால் ஆனவை, விலை வேற்றுமை வணிகப் பெயருக்காகக் கொடுக்கப்படுவது என்பர்.

இரு கூற்றினும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் விலையை மாத்திரம் நோக்கி எழுந்தவை. குறைந்த விலைக்குக் கணினியை ஆக்குபவர் எதனையோ அதிலிருந்து நீக்கியே அவ்விலையை எய்துகின்றார். நீக்கப்பட்டது யாது, அதன் இன்மை வாங்குபவரின் தொழிலைத் தாக்குமா, பின்னர் அதனைச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஒரு கணினி வாங்கத்தக்கதா என்று துணிதல் கூடும். விலைச்சீட்டு இவற்றுள் எதற்கும் விடை தருவதில்லை.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு 1998 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் 1000 டொலருக்குட்பட்ட கணினிகள் பெருகத் தொடங்கின. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 2 என்னும் செயலி அவ்விலைக்கு ஏற்றதாக இல்லை. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. அவ்விடத்தைக் கைப்பற்றி வந்தது. ஆகவே இன்டெல் நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரலில் செலரோன் என்னும் பெயரில் மலிவான செயலி ஒன்றை வெளியிட்டது. அதன் உள்ளமைப்புப் பென்டியம் 2 இன் உள்ளமைப்பே. விலையைக் குறைக்கும்பொருட்டு நீக்கப்பட்டது இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் ஒன்றுதான்.

பதுக்கு நினைவகம் என்பது யாதெனின், செயலிக்கு மிக அண்மையில் வைக்கப்பட்ட சிறிய, விரைவான நினைவகமாகும். நூலகத்தில் அமர்ந்து கட்டுரை எழுதும் மாணவன் ஒருவனை நினைக்க. அடிக்கடி வேண்டப்படும் நாலைந்து நூல்களைத் தன் மேசைமீது வைத்துக்கொள்வானாயின், ஒவ்வொரு முறையும் எழுந்து நூலடுக்குக்குச் செல்லவேண்டுவதில்லை. மேசை மிகச் சிறிதாயின், அவன் எழுதும் வேகம் எத்துணையாயினும், பொழுதிற் பெரும்பகுதி நடையிலேயே கழியும். பென்டியம் 2 இற்கு 512 கிலோபைற்று அளவினதாகிய அம்மேசை இருந்தது. முதற் செலரோனுக்கு முதல் நிலையைச் சேர்ந்த 32 கிலோபைற்று தவிர வேறு இல்லை. எண்கணித வேகத்தில் அது குறைந்ததன்று. ஆயினும் எழுத்துப்பணி, கணக்குப்பணி போன்ற அன்றாட வேலைகளிற் செயலி பிரதான நினைவகத்தை எதிர்பார்த்து வாளாவிருந்தது. கணினி இதழ்கள் அதனைக் கடிந்தன.

அதே ஆண்டு யூன் மாதத்தில் 300 மெகாஹேர்ட்ஸ் வேகமுடைய செலரோன் ஒன்று வந்தது. அதற்கும் அக்குறை இருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் அதே 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துடன் வேறொன்று வந்தது. இதன் பெயர் செலரோன் 300ஏ. பெயரில் ஓரெழுத்தே வேறுபாடு. ஆனாற் புதியதன் சில்லினுள்ளேயே 128 கிலோபைற்றுப் பதுக்கு நினைவகம் பதிக்கப்பட்டிருந்தது. அளவிற் பென்டியம் 2 இனதிற் காற்பங்கே எனினும், பென்டியம் 2 இன் பதுக்கு நினைவகம் செயலியின் அரைவேகத்தில் இயங்க, இஃது முழுவேகத்தில் இயங்கிற்று. அதனால் 300ஏ பல பணிகளிற் பன்மடங்கு விலையுள்ள செயலிகளுக்கு அண்மையில் நின்றது. இச்செயலியின் பாட்டையை 66 இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தி, 450 மெகாஹேர்ட்ஸில் இயக்கிக் களித்த ஆர்வலர் பலர். இன்றும் அவர்கள் அதனை மறந்திலர். ஓராண்டில், ஒரே பெயரில், ஒரே வேகத்தில், ஒரே மலிவு வரிசையில் இரு பொருள்கள். ஒன்று வாங்கத்தகாதது, மற்றையது அக்காலத்து மிகச் சிறந்த கொள்வனவுகளுள் ஒன்று. மலிவானது பழுதுடையது என்றவரும், எல்லாம் ஒன்றே என்றவரும் ஒருங்கே பிழைபட்ட இடம் இதுவாகும்.

நீக்கப்பட்டதை மறைக்காமற் சொல்லி விற்ற மலிவும் உண்டு. இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேயரின் நிறுவனம் 1981 மார்ச்சில் வெளியிட்ட இசட்.எக்ஸ். 81 என்னும் கணினி, பூட்டிய நிலையில் 69.95 பவுணுக்கும், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உறுப்புக்களாக 49.95 பவுணுக்கும் விற்கப்பட்டது. அதன் நினைவகம் 1 கிலோபைற்று. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி. சேமிப்புக்கு ஒலிப்பதிவு நாடா. விசைப்பலகையோ அசையும் விசைகளற்ற மெல்லிய தகடு. இத்தனையும் நீக்கப்பட்டமை வாங்கியவருக்குத் தெரிந்தே இருந்தது. நிரலாக்கம் கற்றற்கு அக்குறைகள் தடையாகவில்லை. 2012 பெப்ரவரி 29 ஆம் நாள் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் பலகைக் கணினியும் இம்மரபினது. கேம்பிரிட்ஜில் கணினியியல் பயில விண்ணப்பித்த மாணாக்கரிடையே நிரலாக்கப் பயிற்சி குன்றிவருவதைக் கண்ட எபன் அப்டன் முதலானோர் அதனை உருவாக்கினர். விலை 35 டொலர். ஆனால் அவ்விலைக்குக் கிடைத்தது வெறும் பலகையே. மின்வழங்கி, நினைவட்டை, விசைப்பலகை, சுட்டி, திரை ஆகியன வேறாக வாங்கப்படவேண்டும். அவை வீட்டில் முன்னரே இருப்பின் அது மிக மலிவான கணினி. யாவும் புதிதாக வாங்கவேண்டியிருப்பின் 35 டொலர் என்னும் எண் பொருளற்றதாகும். இக்கணக்கு மேசைக் கணினி ஒவ்வொன்றுக்கும் உரியது. பெட்டியின் விலையைக் கணினியின் விலையெனக் கொண்டு, பின்னர் திரைக்கும் மின்தடைக் காப்புப் பொறிக்கும் கடன்படுவோர் மிகப்பலர்.

இக்காலத்து மலிவுக் கணினிகளில் நீக்கப்படுவன யாவை? செயலியின் வேகத்தைப் பற்றிய கவலை இன்று பெரிதும் தேவையற்றது. கட்டுரை எழுதுதல், கணக்கேடு பேணுதல், இணையத்தில் நூல் தேடுதல், நிகழ்நிலை வகுப்புக் கேட்டல், தொடக்க நிலை நிரலாக்கம் ஆகியவற்றுக்கு இன்றைய மிக மலிவான செயலியும் போதியது. 2023 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் என்.100 நான்கு கருக்களைக் கொண்டது; 6 வாற்று என்னும் குறைந்த வலுவுக்கென வகுக்கப்பட்டது; உள்ளங்கையளவான பெட்டிகளுள் அமைந்து இப்பணிகளையெல்லாம் இனிதே செய்கின்றது. காணொளித் தொகுப்பு, பொறியியல் வரைபடம், இயந்திரக் கற்றல் என்பவற்றைக் கருதுவோர்க்கு மாத்திரமே அது போதாது. அவர் மலிவு வரிசையை நாடாது, செலவைச் சேர்த்துவைத்துப் பின்னர் வாங்குதலே நன்று.

உண்மையான இடர் சேமிப்பகத்தில் உள்ளது. சுழலும் வன்தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7200 முறை சுழலுமாயின், ஒரு சுழற்சிக்கு 8.33 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய தரவு வாசிப்புத் தலையின் கீழ் வந்துசேர, சராசரியாக அரைச்சுழற்சி, அஃதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல், காத்திருக்கவேண்டும். தலை உரிய தடத்துக்கு நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9 மில்லிசெக்கன் செல்லும். ஆக ஒரு சிறு தரவை எடுக்க ஏறத்தாழ 12 மில்லிசெக்கன். செக்கனுக்கு எண்பது முறையளவே வாசிக்க இயலும். திண்மநிலைச் சேமிப்பகமாகிய எஸ்.எஸ்.டி.யில் நகரும் உறுப்பு எதுவும் இல்லையாதலின், அதே வேலை ஒரு மில்லிசெக்கனிற் பத்திலொரு பங்களவில் முடிகின்றது. கணினி தொடங்குகையில் இடம்விட்டு இடம் தாவி 8000 சிறு வாசிப்புக்கள் செய்யவேண்டுமெனக் கொள்க. முன்னதற்கு 100 செக்கன் செல்லும். பின்னதற்கு ஒரு செக்கனும் செல்லாது. கொள்ளளவை மாத்திரம் நோக்கி, "1000 கிகாபைற்று வன்தட்டு" என்னும் அறிவித்தலால் ஈர்க்கப்பட்டு, 256 கிகாபைற்று எஸ்.எஸ்.டி. உள்ள பொறியைத் தள்ளிவிடுவோர் நாள்தோறும் அதற்கான தண்டத்தைக் காத்திருப்பிற் செலுத்துகின்றனர்.

இக்குறையை நினைவகப் பற்றாக்குறை மேலும் பெருக்குகின்றது. முதன்மை நினைவகம் நிறைந்தவுடன் பணிசெயல் முறைமை தன் தரவின் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு அனுப்பி, வேண்டும்போது மீட்டெடுக்கின்றது. 4 கிகாபைற்று நினைவகமும் சுழலும் வன்தட்டும் ஒருங்கே அமைந்த கணினியில், இணைய உலாவியின் ஐந்தாறு பக்கங்களைத் திறந்தவுடன் சுட்டியும் அசையாது நிற்பதன் காரணம் இதுவே. விண்டோஸ் 11 இற்குக் குறைந்தபட்சம் 4 கிகாபைற்று வேண்டும் என மைக்ரோசொஃப்ட் நிறுவனம் கூறுகின்றது. அஃது இயங்குவதற்குரிய அளவேயன்றிப் பணிபுரிதற்குரிய அளவன்று. 8 கிகாபைற்று இன்றியமையாதது. 16 இருப்பின் சில ஆண்டுகள் கவலையின்றிக் கழியும்.

ஆயினும் இவ்விரு குறைகளும் திருத்தக்கூடியவை. மேசைக் கணினியில் வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. பூட்டுதலும், வெறுமையாயுள்ள செருகுவாயில் நினைவகத் தகடு ஒன்றைச் சேர்த்தலும் அரைமணி நேர வேலை. திருத்த இயலாதது, இவை தாய்ப்பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கும் நிலை. மிக மலிவான சிறுகணினிகள் சிலவற்றில் 4 கிகாபைற்று நினைவகமும், இ.எம்.எம்.சி. எனப்படும் 64 கிகாபைற்றுச் சேமிப்பகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. விண்டோஸ் 11 கேட்கும் மிகக் குறைந்த சேமிப்பிடமே 64 கிகாபைற்றாதலின், இற்றைப்படுத்தல்கள் வரும்போதெல்லாம் மாணவன் தன் கோப்புக்களை அழித்து இடந்தேடவேண்டியவனாகின்றான்.

இனி, பாவித்த கணினிகள். பெரிய அலுவலகங்கள் தம் கணினிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுகின்றன. டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்ரர் முதலிய வரிசைகளைச் சேர்ந்த அப்பொறிகள் திருத்தியமைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. நாள் முழுவதும் இயங்குதற்கென ஆக்கப்பட்டமையால், அதே விலைக்குக் கிடைக்கும் பெயரறியாப் புதிய பொறியிலும் இவற்றின் தாய்ப்பலகையும் மின்வழங்கியும் பெரும்பாலும் உறுதியானவை. மலிவு விலையில் உண்மையான பெறுமதியை நாடுவோர் முதலில் நோக்கவேண்டியது இவற்றையே எனலாம். ஆனால் ஈண்டும் ஓரெண்ணில் வழுக்கிவிழ இடமுண்டு.

விற்பவர் "ஐ7" என்று கூறுவர். ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே தலைமுறைக்குள் மாத்திரமே தரவரிசையாகும். அதனைத் தொடர்ந்து வரும் எண்ணே தலைமுறையைக் காட்டுவது. ஐ7-2600 என்பது இரண்டாந் தலைமுறை. 2011 இல் வெளிவந்தது. ஐ3-12100 என்பது பன்னிரண்டாந் தலைமுறை. 2022 இல் வெளிவந்தது. இரண்டிற்கும் நான்கு கருக்களே. பெயரிற் தாழ்ந்த பின்னது, உயர்ந்த பெயருடைய முன்னதை எளிதில் விஞ்சும். மின்வலுவையும் குறைவாகவே கொள்ளும்.

வேகத்தினும் முக்கியமானது ஆதரவுக்காலம். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் முடிவுற்றது. தனிப்பாவனையாளருள் அதற்கெனப் பதிவுசெய்வோர்க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டன. 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, இரகசியத் திறவிகளைக் காக்கும் ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பை வேண்டுகின்றது. இன்டெல் செயலிகளுள், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, எட்டாந் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. இதன் விளைவு யாதெனின், 2017 ஜனவரியில் வெளிவந்த ஐ5-7500 உள்ள கணினியும், 2018 ஏப்ரலில் வெளிவந்த ஐ5-8500 உள்ள கணினியும் கடையில் அருகருகே இருக்கும், பெட்டியும் ஒத்திருக்கும், விலையும் சற்றே வேறுபடும். ஒன்று நான்கு கருக்களுடன் ஆதரவின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. மற்றையது ஆறு கருக்களுடன் எல்லைக்குள் நிற்கின்றது. செலரோன் 300 உம் 300ஏ உம் இருபது ஆண்டுகளின் பின் வேறுருவில் மீண்டும் வந்தன போலும். எல்லைக்கு வெளியேயுள்ள பொறியில் விண்டோஸ் 11 ஐ வலிந்து நிறுவித்தரும் கடைக்காரர் உளர். அந்நிறுவல் நன்கு இயங்கினும், இற்றைப்படுத்தல்களுக்கு உரிமை கோர இயலாது.

அதற்காக அப்பழைய பொறிகள் யாவும் குப்பைக்குரியன என்று கொள்ளற்க. உபுண்டு, லினக்ஸ் மின்ற், டெபியன் முதலிய லினக்ஸ் வழங்கல்கள் விலையின்றிக் கிடைப்பவை. பத்தாண்டுக்கு மேற்பட்ட கணினிகளிலும் பாதுகாப்புத் திருத்தங்களுடன் இயங்குபவை. தமிழ் எழுதுதல், லிப்ரே ஒஃபிஸில் ஆவணம் ஆக்கல், பைதன் மொழியில் நிரலெழுதல் ஆகியவற்றுக்கு அவை முற்றும் போதியன. விண்டோஸில் மாத்திரம் இயங்கும் மென்பொருள் ஒன்று பாடத்திட்டத்துக்கு வேண்டப்படுமாயின் நிலைமை வேறாகும். வாங்குமுன் அதனை விசாரித்தறிதல் வேண்டும்.

மின்செலவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் தகும். பழைய மேசைக் கணினி ஒன்று புதிய சிறுகணினியிலும் 40 வாற்று மிகுதியாகக் கொள்வதாகவும், நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் இயங்குவதாகவும் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 88 அலகு மின்சாரம் மிகுதியாகும். அலகொன்றுக்கான கட்டணம் பாவனைக்கேற்ப உயரும் வீடுகளில், இம்மிகுதி உயர்ந்த கட்டணப் படியிலேயே சேரும். நாலைந்து ஆண்டுகளில் இத்தொகை இரு பொறிகளுக்கும் இடையிலுள்ள விலை வேற்றுமையை உண்டுவிடவுங் கூடும்.

மொத்தச் செலவைப் பயன்தரும் ஆண்டுகளாற் பிரித்து நோக்கின் முடிவு எளிதாகும். எடுத்துக்காட்டாக, எல்லாச் செலவும் உட்பட 50,000 ரூபாவுக்கு வாங்கிய கணினி இரண்டாண்டில் உதவாதுபோயின் ஆண்டுக்கு 25,000 ரூபா. 90,000 ரூபாவுக்கு வாங்கியது ஆறாண்டு உழைப்பின் ஆண்டுக்கு 15,000 ரூபா. இக்கணக்கு விலையுயர்ந்த பொருளுக்கு எப்போதும் சார்பானதன்று. 2,40,000 ரூபாவுக்கு வாங்கியது எட்டாண்டு உழைத்தாலும் ஆண்டுக்கு 30,000 ரூபாவாகும். கட்டுரை எழுத மாத்திரம் அதனை வாங்கியவர், மூவருள்ளும் மிகுதியாக இழந்தவராவர்.

கடையிற் செய்யவேண்டிய சோதனைகள் சில உள. பக்கத்தகட்டைக் கழற்றச் செய்து, நினைவகச் செருகுவாய்களுள் ஒன்றேனும் வெறுமையாய் உள்ளதா எனக் காண்க. தாய்ப்பலகையில் உருளைவடிவாய் நிற்கும் கொள்ளளவிகளின் தலை தட்டையாய் இருத்தல் வேண்டும்; வீங்கியோ கசிந்தோ இருப்பின் அப்பலகை நெடுநாள் நில்லாது. 2000 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் ஆக்கப்பட்ட எண்ணிறந்த பலகைகள், இவ்வுறுப்பின் தரக்குறைவினாலேயே கெட்டன. கணினியை முற்றாக நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றி, மீண்டும் தொடங்குகையில் திகதி பழைய ஆண்டொன்றுக்குச் சென்றிருக்குமாயின், பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்தது. அது சிறு செலவு, அஞ்சவேண்டுவதில்லை. சேமிப்பகம் தான் இயங்கிய மணிநேரத்தைத் தன்னுள்ளே பதிந்து வைத்திருக்கும். அதனைக் காட்டும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. 30,000 மணி எனக் காட்டும் வன்தட்டு, நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் பத்தாண்டுக்கு மேல் உழைத்ததாகும். அத்தட்டு எவ்வாறாயினும் எஸ்.எஸ்.டி.யால் மாற்றப்படவேண்டியதே; ஆதலின் அதன் கொள்ளளவு எத்துணைப் பெரிதாயினும் அதற்கென விலையிற் சேர்த்துக் கொடுக்கவேண்டியது எதுவும் இல்லை.